திருப்பிக் கொடுக்காத கிண்ணம்

அப்டன் பார்க்
2 பெப்ரவரி 2025, ஞாயிறு

அன்புள்ள தவம்,

இதுவரை தெரிந்ததை முதலில் எழுதுகிறேன். உம்மிடம் இருக்கும் கிண்ணம் ஈராக்கில் செய்யப்பட்டது. ஒன்பதாம் நூற்றாண்டு, பிந்தினால் பத்தின் தொடக்கம். மூலம்: மியூசியத்தில் மட்பாண்டப் பிரிவில் இருக்கும் பெண், ஜனவரி 30ஆம் திகதி மகள் கம்சிகாவுக்கு அனுப்பிய மின்னஞ்சல். அவர் கிண்ணத்தைக் கையில் எடுத்துப் பார்க்கவில்லை. கம்சிகா உம்முடைய சாமி அறையில் எடுத்த பதினொரு படங்களை வைத்துத்தான் சொல்கிறார். ஆகவே "பெரும்பாலும்" என்று ஒரு சொல்லை நீர் சேர்த்து வாசியும்.

உமக்கு விஷயம் அரைகுறையாகத்தான் தெரியும் என்று மகள் சொன்னாள். அவள் வேலையிடத்து ஆட்களோடு மியூசியம் பார்க்கப் போனவள். ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று எனக்குப் படம் அனுப்பினாள். "அப்பா, அம்மாட அரிசிக் கிண்ணம் இஞ்ச இருக்கு. ஆர் களவெடுத்தது, நாங்களா அவையளா?" என்று கீழே எழுதியிருந்தாள்.

படத்தைப் பார்த்தேன். அதே தினுசுதான். சாதாரணக் களிமண்; மேலே வெள்ளைக் களிக்கூழ்; அதன்மேல் பச்சை, மஞ்சட்பழுப்பு, இடைக்கிடை கத்தரிப்பூ நிறம். தூரிகையால் ஒழுங்காகத் தீட்டியதல்ல, தெளித்தது, சொட்டவிட்டது. சூளைச் சூட்டில் கண்ணாடி மெருகு உருக, நிறங்களும் அதோடு சேர்ந்து வழிந்திருக்கின்றன. பச்சை செம்பிலிருந்து, பழுப்பு இரும்பிலிருந்து வருகிறதாம். எந்த நிறம் எங்கே போய் நிற்கும் என்று செய்தவனுக்கே தெரியாது என்று அந்தப் பெண் எழுதியிருக்கிறார்.

அவர் இரண்டு கேள்வி கேட்கிறார். கிண்ணம் எப்போது பிரித்தானியாவுக்கு வந்தது? யார் கொண்டுவந்தது? 1990 ஆகஸ்டுக்குப் பிறகு ஈராக்கிலிருந்து களவாக வெளியேறிய பழம்பொருளென்றால் சட்டம் வேறு. அதனால் கேட்கிறார்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: 1990 டிசம்பரில் குரோய்டன் ஹொட்டேலில் பக்கத்து அறை நஜாத் உமக்குச் சூப் கொண்டுவந்த கிண்ணம் அது. மிச்சத்தை நீர்தான் எழுத வேண்டும்.

ரெலிபோன் எடுக்கலாமா என்று யோசித்தேன். ஆறு வருஷத்துக்கு முன் நீர் பிரிந்து போகும்போது வாசலில் நின்று சொன்னது நினைவு வந்தது: "ஏதும் சொல்லவேணுமெண்டால் எழுதி அனுப்புங்கோ. வாயாலை மழுப்புவியள். எழுத்திலை உங்களுக்குப் பொய் வராது." அதனால் எழுதுகிறேன். நெஞ்சு மருந்தை ஒழுங்காக எடுக்கிறேன். நீர் கேட்கமாட்டீர், நானே சொல்லிவிடுகிறேன்.

றமணன்

*

வெஸ்ட் ஈலிங்
9.2.2025

கம்சிகாவின் அப்பாவுக்கு,

கடிதம் வியாழக்கிழமை வந்தது. நான் சுகம். முழங்கால் மட்டும் கோயிலுக்கு நடக்கும்போது நினைவூட்டுகிறது. மருந்து எடுப்பதை எழுத்தில் தந்திருப்பதால் நம்புகிறேன். ஆஸ்பத்திரியில் நெஞ்சில் குழாய் வைத்த மூன்று நாளும் பாரிசில் கூட்டம் என்று ரெலிபோனில் சொன்ன ஆள் நீங்கள். ஊருக்கெல்லாம் ரேடியோவில் செய்தி வாசித்த மனிசன், பெண்சாதிக்கு மட்டும் செய்தியை ஒளித்தார். அது போகட்டும். கிண்ணத்துக்கு வருகிறேன்.

மியூசியத்துக்கு நீங்கள் பதில் எழுத வேண்டாம். அது நான் சொல்ல வேண்டிய கதை.

அப்போது கம்சிகா வயிற்றில் மூன்று மாதம். குடித்த தண்ணியும் சத்தியாக வெளியே வரும். ஹொட்டேலில் அகதி விண்ணப்பக்காரர் முப்பது குடும்பம், ஒரே குசினி. எந்த நேரமும் யாரோ முட்டை பொரிப்பார்கள். அந்த மணத்துக்கே நான் ஓடுவேன். பதினொரு நாள் ஒன்றும் வயிற்றில் தங்கவில்லை. பன்னிரண்டாம் நாள் நஜாத் அக்கா கதவைத் தட்டினா. எனக்கு இருபத்தெட்டு, அவவுக்கு நாற்பத்து நாலு இருக்கும். அவவின் இங்கிலிசும் என் இங்கிலிசும் சேர்ந்தால்தான் ஒரு முழு வசனம் வரும். சிவப்புப் பருப்புச் சூப், தேசிக்காய் பிழிந்து, அந்தக் கிண்ணத்தில். கட்டிலில் இருந்து, "கொஞ்சம், கொஞ்சம்" என்று கையால் காட்டினா. நான் குடித்து முடிக்கும்வரை என் காலைப் பிடித்துக்கொண்டிருந்தா. அது தங்கியது.

அடுத்த நாள் கழுவித் துடைத்துக் கையில் எடுத்தேன். கொண்டுபோகக் கால் வரவில்லை. அயலட்டைப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் எங்களிடம் இல்லையே. தைப்பொங்கலுக்கு மூன்று கிழமை இருந்தது. "பொங்கிற சக்கரைப் புக்கையோடை குடுப்பம்" என்றேன். "அதுவரைக்கும் அந்த மனிசி எதிலை சாப்பிடுறது?" என்று நீங்கள் பகிடி பண்ணினீர்கள்.

ஜனவரி ஐந்தாம் திகதி உங்கள் ஐயா, என் மாமா, மோசம் போனார். துடக்கு வீடு. பொங்கல் இல்லை. துடக்கு வீட்டிலிருந்து இன்னொரு வாசலுக்கு இனிப்புக் கொண்டுபோகலாமா? முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியட்டும் என்று இருந்தேன். அதற்குள் எனக்குச் சத்தி கூடி, இருபதாம் திகதி ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து சேலைன் ஏற்றினார்கள். பத்து நாள். திரும்பி வந்தால் பக்கத்து அறையில் வேறு குடும்பம். "சொல்லாமல் கொள்ளாமல் போயிட்டினம்" என்றீர்கள்.

அன்றைக்கு இருந்து இன்றுவரை அந்தக் கிண்ணம் வெறுமையாக இருந்ததில்லை. ஒரு பிடி அரிசி. மாதம் ஒருமுறை மாற்றுவேன். என்னிடம் இருக்கும் ஒரே களவுச் சாமான் அது.

எனக்கு அதன் வயது தேவையில்லை. நஜாத் அக்கா உயிரோடு இருந்தால் எழுபத்தெட்டு. அவவைத் தேடித் தாருங்கள். காணாமல் போன ஆட்களின் பெயரை முப்பது வருஷம் ரேடியோவில் வாசித்தீர்கள்; எனக்கு இந்த ஒரு ஆளைத் தேடித் தாருங்கள். அவ கையில் நான் அதைக் கொடுக்க வேண்டும்.

தவமலர்

*

அப்டன் பார்க்
16 பெப்ரவரி 2025

அன்புள்ள தவம்,

தேடியதன் விபரம். ஹொட்டேல் இப்போது இல்லை. 2004இல் அடுக்குமாடி வீடாக்கியிருக்கிறார்கள். நேற்றுப் போய்ப் பார்த்தேன். ட்ராம் தரிப்பிடத்திலிருந்து நாலு நிமிஷ நடை. முன்வாசல் மாறவில்லை, கூரை மாறியிருக்கிறது. அந்தக் காலத்துத் தங்கினோர் பட்டியல் தங்களிடம் இல்லை என்று கவுன்சிலில் சொன்னார்கள். ஈராக்கியர் சங்கம் ஒன்றுக்கு எழுதினேன். ஒருவர் என் நம்பரை வாங்கி வைத்திருக்கிறார். "நஜாத் என்ற பேரில எங்களிட்ட நாற்பது பேர் இருப்பினம், ஐயா. தகப்பன் பேர் தெரியுமோ?" என்று கேட்டார். தெரியாது என்றேன்.

இன்னும் சிலவற்றைச் சரிபார்க்க வேண்டும்.

குளிர் கூடுதலாக இருக்கிறது. முழங்காலைப் பார்த்துக்கொள்ளும்.

றமணன்

*

வெஸ்ட் ஈலிங்
2.3.2025

கம்சிகாவின் அப்பாவுக்கு,

செவ்வாய்க்கிழமை கிண்ணத்தை மியூசியத்துக்குக் கொண்டுபோனோம். கம்சிகா லீவு போட்டாள். அவளுடைய பழைய கம்பளிச் சட்டையில் சுற்றி என் மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் இருந்தேன். ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு எழும்பி இடம் கொடுக்கக்கூட முடியவில்லை, கம்சிகா எழும்பினாள்.

அந்தப் பெண் கம்சிகாவிலும் சின்னவள்போல இருந்தாள். மேசையில் மெத்தை மாதிரி ஒன்று விரித்து, அதில் வைக்கச் சொன்னாள். வைத்தேன். உள்ளே பார்த்தாள்.

"இது... அரிசியா?"

"ஓம்," என்றேன் தமிழில். பதற்றத்தில் இங்கிலிஸ் வரவில்லை.

"அம்மா அதை வெறுமையா வைக்கமாட்டா," என்று கம்சிகா சொன்னாள். "ஏன் எண்டு கேட்டால் உங்களுக்குப் பின்னேரம் ஆகும்."

அவள் சிரிக்கவில்லை. ஒரு காகிதப் பையில் அரிசியைக் கொட்டி, மேலே என் பெயர் எழுதி, பத்திரமாக என்னிடம் தந்தாள். ஈரம் படாமல் வைத்திருந்தது நல்லது என்றாள். பிறகு கையுறை போடாமலே கிண்ணத்தைத் தூக்கினாள். நான் பயந்துவிட்டேன். கையுறை வழுக்கும், வெறுங்கைதான் பத்திரம் என்றாள்.

உள்ளே நடுவில் மூன்று சின்னத் தழும்பு இருக்கிறதல்லவா? அதை நான் யாருக்கும் சொன்னதில்லை. அன்று சூப்பின் அடியை வழித்துக் குடித்தபோது கரண்டியால் நான்தான் கீறிவிட்டேன் என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். அதையும் அவளிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவள் என் விரலைப் பிடித்து அந்த மூன்றிலும் வைத்தாள். சூளையில் கிண்ணத்துக்கு மேல் கிண்ணம் அடுக்கும்போது ஒட்டாமல் இருக்க, நடுவில் மூன்று கால் உள்ள ஒரு சின்ன மண் தாங்கி வைப்பார்களாம். அதன் கால் பட்ட அடையாளம். "ஆயிரத்து நூறு வருஷமா இருக்கு. நீங்கள் செய்யேல்லை," என்றாள். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. கம்சிகா, "அம்மா, ப்ளீஸ்," என்றாள். பிறகு பார்த்தால் அவளும் மூக்கைத் துடைக்கிறாள்.

கடைசியில், "இது யாருடையது?" என்று கேட்டாள். என்னுடையதல்ல என்றேன். அதை அப்படியே எழுதிக்கொண்டாள். கொண்டுவந்தவரின் வாய்ச்சொல் கிடைக்கும்வரை ஒன்றும் செய்வதற்கில்லையாம். கிண்ணத்தை என்னிடமே திருப்பித் தந்துவிட்டாள்.

இனி உங்களுக்கு ஒரு கேள்வி. உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். ஹொட்டேல் கூரை மாறியதைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். ட்ராமிலிருந்து எத்தனை நிமிஷம் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் போன நாளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நான் ஆஸ்பத்திரியில். நீங்கள் அறையில். சுவருக்கு அந்தப் பக்கம் யாராவது இருமினாலே எங்களுக்குக் கேட்கும். ஒரு குடும்பம் சாமான் கட்டிக்கொண்டு போனது உங்களுக்குத் தெரியாதா?

உங்களோடு இருபத்தொன்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தவள் நான். நீங்கள் எழுதாமல் விடுவதையும் எனக்கு வாசிக்கத் தெரியும்.

தவமலர்

*

அப்டன் பார்க்
9 மார்ச் 2025

அன்புள்ள தவம்,

உறுதியான செய்தி: நஜாத் சொல்லாமல் போகவில்லை. மூலம்: நானும், 1991ஆம் வருஷத்து என் குறிப்புப் புத்தகமும்.

ஜனவரி 21, திங்கட்கிழமை, காலை எட்டு இருபது. கதவைத் தட்டினா. கையில் இரண்டு பை. வளைகுடாவில் போர் தொடங்கி ஐந்தாம் நாள். இங்கே ஈராக்கியர் சிலரைப் பிடித்து வைக்கிறார்கள் என்று ரேடியோவில் போனது. அவவின் மனிசனை வெள்ளிக்கிழமை வந்து கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். காடிஃபில் இருக்கும் தங்கையிடம் போகிறேன் என்றா. என் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி, விலாசத்தைத் தானே எழுதினா. "தவத்திட்டக் குடு. கட்டாயம் கடிதம் போடச் சொல்லு," என்றா. நான் ஓம் என்றேன். அவவின் ஒரு பையையாவது தூக்கிக்கொண்டு நான் பஸ் தரிப்பிடம்வரை போகவில்லை. வாசலிலேயே நின்றுவிட்டேன்.

பெப்ரவரி 12 எங்களுக்கு அகதி விண்ணப்ப நேர்காணல். அதற்கு முன் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் என்னிடம், "அண்ணை, ஈராக்கிச் சனத்தோட இப்ப கொண்டாட்டம் வேண்டாம். பைலிலை ஏறிடும்," என்று சொல்லியிருந்தார். அது உண்மையா என்று நான் விசாரிக்கவில்லை. இரண்டு பேரிடம் கேட்காமல் ஒரு கோயில் திருவிழாத் திகதியைக்கூட ரேடியோவில் வாசிக்காதவன், இதை ஒரே ஆளிடம் கேட்டு நம்பினேன். நீர் கடிதம் எழுதினால் அது எங்கள் விலாசத்தோடு போகும். அவ எழுதினால் ஹொட்டேல் மேசையில் எல்லாரும் பார்க்கக் கிடக்கும். இவ்வளவையும் கணக்கிட்டேன்.

ஐயா செத்துப் பதினாறாம் நாள் அது. காரணமாக எழுதவில்லை. திகதி வரிசைக்காக எழுதுகிறேன்.

விசா கிடைத்ததும் சொல்லலாம் என்று இருந்தேன். கிடைத்தபோது கம்சிகாவுக்கு இரண்டு வயது. இரண்டு வருஷம் மறைத்ததைச் சொல்ல வெட்கமாக இருந்தது. பிறகு பத்து வருஷம் மறைத்ததைச் சொல்லப் பயமாக இருந்தது. நீர் மாதாமாதம் அரிசி மாற்றுவதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒருமுறை நீர் என்னிடம், "அவ என்னிலை ஏதும் பிழை கண்டிருப்பாவோ?" என்று கேட்டீர். நான் பேப்பரைத் திருப்பினேன்.

அந்தப் பக்கத்தை இதோடு வைத்திருக்கிறேன். குறிப்புப் புத்தகத்திலிருந்து நான் கிழித்த முதல் பக்கம் இது. காடிஃபுக்கு நான் எழுதவோ போகவோ மாட்டேன். விலாசம் உமக்கென்று தந்தது.

றமணன்

*

அப்டன் பார்க்
30 மார்ச் 2025

அன்புள்ள தவம்,

மூன்று கிழமையாகப் பதில் இல்லை. கேட்க எனக்கு உரிமையும் இல்லை. கடிதம் கிடைத்ததா என்பதை மட்டும் கம்சிகாவிடம் கேட்டேன். "கிடைச்சது அப்பா. அம்மா ரெண்டு நாள் சமைக்கேல்லை. மூண்டாம் நாள் எனக்கு நீங்கள் எண்டு நினைச்சுப் பேச்சு விழுந்தது," என்றாள்.

நேற்று மருத்துவரிடம் போனேன். நெஞ்சு பரவாயில்லை, இரத்த அழுத்தம் கொஞ்சம் கூட. புது மாத்திரை ஒன்று தந்திருக்கிறார். கெட்ட செய்தியையும் இனி அன்றன்றே எழுதுவதாக இருக்கிறேன். நீர் வாசிக்காவிட்டாலும் பரவாயில்லை.

றமணன்

*

வெஸ்ட் ஈலிங்
21.4.2025

என்னப்பா,

உறுதியான செய்தியை முதலில் எழுதச் சொல்லுவீர்கள். நஜாத் அக்கா உயிரோடு இருக்கிறா. மூலம்: என் இரண்டு காதும்.

உங்களோடு கோபத்தில் இருந்தேன். இன்னும் இருக்கிறேன். அந்தப் பக்கத்தைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுத்தேன். அவவின் எழுத்து குழந்தைப்பிள்ளை எழுத்து மாதிரி இருக்கிறது. ஒவ்வொரு இங்கிலிஸ் எழுத்தையும் தனித்தனியாக அழுத்தி எழுதியிருக்கிறா. நான் வாசிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறா.

பெரிய வெள்ளியன்று கம்சிகாவையும் கூட்டிக்கொண்டு காடிஃபுக்குப் போனேன். அதே வீடு. கதவைத் திறந்தவர் நஜாத் அக்காவின் தங்கையின் மகன், ஐம்பது வயது இருக்கும். நான் சொல்லி முடிக்க முன்னமே, "அந்த ஹொட்டேலில இருந்த சிலோன் பெட்டையா நீங்கள்?" என்றார். என்னை இந்த வயதில் பெட்டை என்று ஒருவர் கேட்டிருக்கிறார்; எழுதி வையுங்கள்.

அக்கா ஆஸ்பத்திரியில். இடுப்பெலும்பு ஒப்பரேஷன் நல்லபடி முடிந்துவிட்டது. அவ இருக்கும் வார்டில் வயிற்றுப்போக்குப் பரவியதால் வெளியாட்களை விடவில்லை. அந்தத் தங்கை மகன் ரெலிபோன் போட்டு என் கையில் தந்தார். நான் பெயரைச் சொன்னேன். அவ கேட்ட முதல் கேள்வி:

"குழந்தை பிறந்ததா?"

ரெலிபோனைக் கம்சிகாவிடம் நீட்டினேன். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஹலோ, ஆன்ட்டி," என்றாள். அங்கே அவ அழுவது எனக்கு இங்கே கேட்டது. முப்பத்து நாலு வருஷமாக அந்த மனிசிக்கு என் பிள்ளை தங்கியதா இல்லையா என்று தெரியாது. ஹொட்டேலுக்கு இரண்டு கார்ட் போட்டிருக்கிறா. நாங்கள் அதற்குள் வீடு மாறிவிட்டோம். பதில் இல்லை என்றதும், பிள்ளை தங்கவில்லை, அந்தத் துக்கத்தில் தவம் எழுதவில்லை என்று முடிவு கட்டிவிட்டாவாம். தன் வீட்டில் பிள்ளைகள் பிறக்கும்போதெல்லாம் என் பிள்ளையை நினைத்துக்கொண்டாவாம்.

கிண்ணத்தைப் பற்றிச் சொன்னேன். முதலில் நினைவு வரவில்லை. பிறகு, "ஓ, பச்சை வழிஞ்சதா? அது என்ர மாமியாருடையது. எண்பத்தெட்டிலை நாங்கள் வரேக்குள்ள உடுப்புக்கு நடுவில வைச்சுக் கொண்டுவந்தது. உடையேல்லையா?" என்று சிரித்தா. அதன் வயதைச் சொன்னால் நம்பவில்லை. "அதிலை நான் சூப் குடுத்தனே!" என்று இரண்டு தரம் சொன்னா. அவவின் மனிசனை ஆறு கிழமையில் விட்டுவிட்டார்கள், 2016இல் இறந்திருக்கிறார்.

நீங்கள் செய்ததையும் சொன்னேன். மறைக்க எனக்கு வராது. "அந்தப் பெடியன் நல்லாப் பயந்திருந்தான். கதவை அரைவாசிதான் திறந்தவன்," என்றா. கோபமா இல்லையா என்று குரலில் கண்டுபிடிக்க முடியவில்லை. "அவரையும் கூட்டிக்கொண்டு வா. நேரே ஒண்டு கேக்கவேணும்," என்றா. என்ன என்று கேட்டேன். உனக்கல்ல என்றா.

மே 2ஆம் திகதி வீட்டுக்கு விடுகிறார்கள். நாலாம் திகதி ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூன்று பேரும் போகிறோம். காலை ஒன்பதே முக்காலுக்குப் பாடிங்டன் ஸ்டேஷன். புக்கை நான் முதல்நாளே காய்ச்சிவிடுவேன். நீங்கள் மேலே தூவ முந்திரிக் கஜு மட்டும் நல்லதாகப் பார்த்து வாங்கி வாருங்கள், உங்கள் பக்கத்துக் கடைகளில் மலிவு. மாத்திரைகளையும் மறக்க வேண்டாம்; புது மாத்திரையின் பெயரைக் கம்சிகாவுக்கு அனுப்புங்கள். உங்கள் கடைசிக் கடிதத்தை வாசித்தேன்.

தெரியாமல் இருப்பவை: கிண்ணத்தை அவ தானே வைத்திருப்பாவா, மியூசியத்துக்குக் கொடுப்பாவா என்பது. அது அவவின் முடிவு. மியூசியப் பெண்ணுக்கு மே நடுப்பகுதியில் எழுதுவதாகச் சொல்லியிருக்கிறேன். உங்களிடம் அவ என்ன கேட்பா என்பது. நீங்கள் என்ன சொல்வீர்கள் என்பது. எங்கள் இரண்டு பேரின் விஷயத்தில் எனக்கு இன்னும் முடிவில்லை. நீங்கள் அந்த மனிசியின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வதைக் கேட்ட பிறகுதான் எனக்குத் தெரியவரும். திரும்பும் ரயில் பின்னேரம் ஐந்தரைக்கு. கம்சிகா வேறு பெட்டியில் இருக்கிறாளாம். எங்கள் இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கை எடுத்திருக்கிறாள். லண்டன் வந்து சேர இரண்டு மணித்தியாலம் ஆகும். அதற்குள் என் முடிவைச் சொல்லுவேன்.

தவம்